பருத்தி இலையில் படிந்த பாடம்

மழை ஓய்ந்த மாதங்களில் அரியலூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைகளின் ஓரத்தில் பருத்திச் செடி பச்சையாக இருக்காது. பவுடர் பூசிய முகம் மாதிரி வெளுத்துப் போய் நிற்கும். வேலிமுள், வேப்பமரம், டீக்கடைக் கூரை எல்லாவற்றுக்கும் அதே நிறம்தான்.

அப்படியொரு ஊரிலிருந்து ஒரு பையன் கெமிக்கல் இஞ்சினியரிங் படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். லீவுக்கு வந்தவனிடம் அப்பா கேட்கிறார்: "ஏம்ப்பா, நீ படிக்கிற படிப்புல இதெல்லாம் வருமா? இந்தத் தூசி சிமெண்ட் ஆலை புகைபோக்கியிலேர்ந்து வருதா, ரோட்டுலேர்ந்து வருதா? கேட்டா புகைபோக்கியில அளவெல்லாம் சரியா இருக்குங்கிறாங்க. இலை மட்டும் வெள்ளையாவே இருக்கே?"

பையனுக்குப் பதில் தெரியாது. ஆனால் ஸ்டோக்ஸ் விதியை இரண்டு பக்கத்துக்கு வருவித்து எழுதத் தெரியும். அதற்கு முழு மார்க்கும் வாங்கியிருப்பான்! அப்பா கேட்ட கேள்விக்கு வேண்டிய விடை அந்த இரண்டு பக்கத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

இது பையனின் குற்றம் அல்ல. பாடம் சொல்லிக் கொடுக்கப்படும் விதத்தின் குற்றம்.

ட்ரான்ஸ்போர்ட் பினாமினா என்றாலே கெமிக்கல் மாணவர்களுக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். உந்தம், வெப்பம், நிறை ஆகிய மூன்றும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போகின்றன என்பதுதான் பாடம். மூன்றுக்கும் கணக்கு ஒரே சாயலில் இருக்கிறது என்று காட்டி, பேர்ட், ஸ்டூவர்ட், லைட்ஃபுட் என்ற மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் 1960-இல் எழுதிய புத்தகம்தான் இன்றைக்கும் இந்தப் பாடத்தின் வேதம். அருமையான புத்தகம், சந்தேகமில்லை.

ஆனால் பல வகுப்புகளில் நடப்பது என்ன? சாய்ந்த தகட்டில் வழியும் எண்ணெய், குழாய்க்குள் ஓடும் தண்ணீர், இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஒரு திரவம்... இப்படி ஒரே பொருள் ஒழுங்காக ஓடும் கணக்குகளிலேயே செமஸ்டர் தீர்ந்துவிடும். வாயுவும் தூளும் கலந்து பறப்பது, கொதிக்கும் திரவத்துக்குள் ஆவிக்குமிழி எழுவது, படுகையின் இடுக்குகளில் காற்று நுழைவது போன்ற மல்டிஃபேஸ் விஷயங்கள் கடைசி யூனிட்டுக்குத் தள்ளப்படும். கடைசி யூனிட் என்றால் என்ன கதி என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

உண்மையான தொழிற்சாலையிலோ தலைகீழ். அங்கே சுத்தமாக ஒரே ஃபேஸ் மட்டும் ஓடும் இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள அரியலூரை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், 2007-இல் மறுபடியும் தனி மாவட்டமான அரியலூரும் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த பூமி. கள்ளங்குறிச்சிப் பக்கம் தோண்டப்படும் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. சிப்பி ஓடுகள் அப்படியே கல்லுக்குள் தெரியும். இந்தக் கல்லை நம்பித்தான் ஆலைகள் வந்தன. பக்கத்தில் திருச்சி மாவட்டத்துக் கல்லக்குடியில் டால்மியா ஆலை 1939-இல் தொடங்கியது. அந்த ஊர்ப் பெயருக்காக 1953-இல் நடந்த போராட்டம் தமிழ்நாட்டு அரசியலில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அரசு நிறுவனமான டான்செமின் அரியலூர் ஆலை 1979-இல் வந்தது. பிறகு தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன.

இந்தக் கல்லுக்கு ஆலையில் என்ன நடக்கிறது? 100 கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு நிற்கும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சிப்பிகள் கடல்நீரிலிருந்து சேர்த்து 7 கோடி ஆண்டு பூட்டி வைத்திருந்தது சில வினாடிகளில் வெளியே வந்துவிடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டுமே அரை டனுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு! எரிபொருள் கணக்கு தனி.

"சில வினாடிகளில்" என்பதுதான் கவனிக்க வேண்டிய வார்த்தை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காளவாயில் கல்லையும் கரியையும் அடுக்கித் தீ வைத்தால் கல் வேக மணிக்கணக்காகும், நாள்கணக்கும் ஆகும். ஆலையில் மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்? தீ அதிகம் என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் தூளின் அளவு.

ஒரு கிலோ சுண்ணாம்புக்கல்லை 3 சென்டிமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் அதன் மொத்த மேல்பரப்பு ஒரு நோட்டுத்தாள் அளவைக் கொஞ்சம் தாண்டும். அதே ஒரு கிலோவை 30 மைக்ரான் தூளாக அரைத்தால் மேல்பரப்பு சுமார் 74 சதுர மீட்டர். அதாவது 800 சதுர அடி வீட்டின் தரை! வெப்பம் வாயுவிலிருந்து கல்லுக்குப் போக வேண்டிய வாசல் ஆயிரம் மடங்கு அகலமாகிவிட்டது. அதோடு, வெப்பம் கல்லின் நடு வரைக்கும் போய்ச் சேரும் நேரம் குறுக்களவின் இருபடியைப் பொறுத்தது. குறுக்களவு ஆயிரத்தில் ஒரு பங்கானால் நேரம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும்.

இதனால்தான் ஆலையில் அவ்வளவு உயரமாக ஒரு கோபுரம் நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதைத்தான் 'சிமெண்ட் ஃபேக்டரி' என்று குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். அது ப்ரீஹீட்டர். அடுக்கடுக்காக நாலு, ஐந்து, ஆறு சைக்ளோன்கள் இருக்கும். மேலே போடும் தூள், கீழிருந்து வரும் சூடான வாயுவில் அடுக்கு அடுக்காகக் குளித்துக்கொண்டே இறங்கி, அரை நிமிடத்துக்குள் 800 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. பிறகு கால்சைனரில் சில வினாடிகள். அங்கேயே கார்பனேட்டில் பத்தில் ஒன்பது பங்கு உடைந்துவிடும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. படத்தில் சைக்ளோன் பெரிதாக இருப்பதால் வெப்பம் மாறுவது சைக்ளோனுக்குள்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் பெரும்பகுதி வெப்பம் சைக்ளோன்களை இணைக்கும் குழாயிலேயே, தூள் வாயுவில் சிதறிய மாத்திரத்தில், ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் மாறிவிடுகிறது. சைக்ளோன் செய்வது வாயுவையும் தூளையும் பிரிக்கும் வேலை. குழாயில் இரண்டும் ஒரே திசையில் போகின்றன. கோபுரத்தை மொத்தமாகப் பார்த்தாலோ தூள் கீழே, வாயு மேலே! இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டவனுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி. பழைய ஈரமுறை ஆலையில் ஒரு கிலோ கிளிங்கருக்கு 1300 கிலோகலோரிக்கு மேல் செலவான வெப்பம், இந்தக் கோபுரம் வைத்த உலர்முறையில் 700 முதல் 850 வரைக்கும் இறங்கியதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

கோபுரத்துக்குக் கீழே சூளை. நிமிடத்துக்கு மூன்று முதல் ஐந்து சுற்று வரை சுற்றும் சாய்ந்த உருளை. உள்ளே தூள் 1450 டிகிரியை எட்டும்போது நாலில் ஒரு பங்கு அளவுக்கு உருகிப் பாகாகிறது. பொரி உருண்டைக்கு வெல்லப்பாகு என்ன செய்கிறதோ அதைத்தான் இந்தப் பாகும் செய்கிறது. தூளைச் சேர்த்துப் பிடித்து உருண்டையாக்குகிறது. சுண்ணாம்பு அந்தப் பாகில் கரைந்து, விரவிப் போய்த்தான் சிமெண்டுக்கு வலு தரும் சேர்மம் உருவாகிறது. வாயு, நீர்மம், திண்மம் மூன்றும் ஒரே உருளைக்குள். பிறகு கூலரில் கிளிங்கர் படுகைக்குள் கீழிருந்து காற்று ஊதப்படுகிறது. பாடத்தில் வரும் பேக்ட் பெட் கணக்கு அதுதான்.

ஒரு கிலோ தூளில் சுமார் 2600 கோடி துகள் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சமன்பாடு எழுதித் தீர்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அதனால்தான் மல்டிஃபேஸ் பாடத்தில் சராசரியும், பரிசோதனையில் கண்டெடுத்த குணகமும் ஆள்கின்றன. ஒற்றைத் துகளுக்கு ரான்ஸ், மார்ஷல் இருவரும் தந்த வாய்ப்பாடும், படுகைக்கு எர்கன் தந்த சமன்பாடும் 1952-இல் வந்தவை. இன்றைக்கும் இவை இல்லாமல் டிசைன் இல்லை. மாணவர்கள் இவற்றை எங்கிருந்தோ குதித்த எண்களாக நினைத்து மனப்பாடம் செய்கிறார்கள். 2600 கோடி துகளோடு ஒப்பந்தம் பேச மனிதன் கண்டுபிடித்த குறுக்குவழி அவை என்று யாராவது முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால்...

சரி, அப்பாவின் கேள்விக்கு வரலாம்.

ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதிப்படி, காற்றில் விழும் சிறு துகளின் வேகம் குறுக்களவின் இருபடியைப் பொறுத்தது. மறுபடியும் அதே இருபடி! துகள் சிறிதாக ஆக வெப்பம் சீக்கிரம் ஏறுகிறது. துகள் சிறிதாக ஆக அது தரையில் இறங்க மறுக்கிறது. ஆலைக்கு லாபம் தரும் அதே நுணுக்கம்தான் தூசியை ஊர் சுற்றவும் விடுகிறது.

கணக்கு சின்னதுதான். 50 மைக்ரான் சுண்ணாம்புத் துகள் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் விழும். லாரி உயரமான 3 மீட்டரிலிருந்து கிளம்பினால் 15 வினாடியில் தரை. காற்று வினாடிக்கு 3 மீட்டர் வீசினால் அதற்குள் 45 மீட்டர் போயிருக்கும். அதாவது சாலையோர வயல்!

10 மைக்ரான் துகள் வினாடிக்கு 8 மில்லிமீட்டர்தான் விழும். 100 மீட்டர் உயரப் புகைபோக்கியிலிருந்து கிளம்பினால் தரை தொட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே காற்றில் 35 கிலோமீட்டர் தாண்டிவிடும். அரியலூரில் கிளம்பினது பெரம்பலூரையும் கடந்து போய்விடும். 2.5 மைக்ரான் துகளோ வினாடிக்கு அரை மில்லிமீட்டர். அது விழுகிறது என்றே சொல்ல முடியாது. நிஜக் காற்று சுழன்று வீசும், சில துகளை முன்பே இறக்கிவிடும் என்பதால் இவை தோராயமான எண்கள். ஆனால் கதை மாறாது.

இன்னொரு பக்கம், புகைபோக்கிக்கு முன்னால் இருக்கும் பேக் ஃபில்டரோ இ.எஸ்.பி.யோ பெரிய துகளைத்தான் முதலில் பிடிக்கும். தப்பி வருவதில் பெரும்பாலும் நுண்தூள்தான். 2014-இல் மத்திய அரசு திருத்திய விதிப்படி புகைபோக்கி வாயுவில் ஒரு கன மீட்டருக்கு 30 மில்லிகிராம் தூசி என்பது வரம்பு. ஒரு டன் கிளிங்கருக்குச் சுமார் 2000 கன மீட்டர் வாயு என்று வைத்தால் 60 கிராம் தூசி. அதே ஒரு டன் கிளிங்கருக்கு ஒன்றரை டன் கல் வேண்டும். சுரங்கத்திலிருந்து வரும் வழியில் அந்தக் கல்லில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு சிந்தி, டயரில் அரைபட்டுப் பறந்தாலே 150 கிராம். புகைபோக்கியைப் போல இரண்டரை மடங்கு!

ஆக, புகைபோக்கியில் அளவு சரி என்பவரும் பொய் சொல்லாமல் இருக்கலாம். இலை வெள்ளை என்கிற அப்பாவும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு தூசி. கண்ணுக்குத் தெரிந்து இலையை மூடுவது பெரிய துகள். அது பெரும்பாலும் பக்கத்துச் சாலையிலிருந்து வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரல் வரைக்கும் போவது நுண்தூள். அது புகைபோக்கியிலிருந்தும் வரும், சாலையிலிருந்தும் வரும். முதலாவதற்கு மருந்து தார்ப்பாய், சாலையில் தண்ணீர், டயர் கழுவும் தொட்டி, முடிந்தால் லாரிக்குப் பதில் கன்வேயர். இரண்டாவதற்கு மருந்து ஃபில்டரும், ஊருக்குள் காற்றை அளப்பதும். ஒன்றின் அளவைக் காட்டி மற்றொன்றின் புகாரை மூடிவிட முடியாது. இந்த ஒரு வாக்கியத்தைக் கணக்கோடு கூட்டத்தில் எழுந்து சொல்ல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும், பேச்சின் போக்கே மாறிவிடும்.

சரிபார்ப்பதும் எளிது. சாலையிலிருந்து 20 மீட்டர், 50 மீட்டர், 200 மீட்டர் தூரங்களில் வாசலின் தடவிய கண்ணாடித் துண்டுகளை ஒரு நாள் வைத்து, மைக்ராஸ்கோப்பில் துகளை எண்ணி, அளவையும் பார்க்கலாம். தூரம் கூடும்போது சட்டென்று குறைந்தால் சாலைத் தூசி. வயல் முழுக்க ஒரே மாதிரி மெல்லிசாக இருந்தால் தொலைவிலிருந்து வந்தது. இதற்குப் பெரிய லேப் வேண்டாம். ஒரு ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தாராளமாகப் போதும். கடையில் விலைக்கு வாங்கிச் சமர்ப்பிக்கும் ப்ராஜெக்டை விட நிச்சயம் உருப்படியானது!

சிமெண்ட் மட்டும்தானா என்றால் இல்லை. பக்கத்துப் பெரம்பலூரில் சின்ன வெங்காயம் போடும் விவசாயிகள் பட்டறை கட்டி வெங்காயத்தைச் சேமிப்பார்கள். தரையிலிருந்து தூக்கி, பக்கமெல்லாம் காற்றுப் புக இடம் விட்டு, அகலத்தைக் குறுக்கிக் கட்டுவார்கள். அகலம் கூடினால் நடுவில் காற்று புகாது, வெங்காயம் விடும் ஈரம் வெளியேறாது, அழுகிவிடும். அதுவும் ஒரு பேக்ட் பெட்தான். எர்கன் சமன்பாடு தெரியாமலேயே அனுபவத்தில் கண்ட டிசைன். எறையூரில் இருக்கும் பெரம்பலூர் சர்க்கரை ஆலையில் கருப்பஞ்சாறு ஒரு கலத்தில் கொதித்து எழுப்பும் ஆவியே அடுத்த கலத்தைச் சூடாக்கும். கடைசியில் வெற்றிடக் கலத்தில் பாகு, படிகம், ஆவி மூன்றும் ஒன்றாகக் கொதிக்கும். கரும்பு வெட்டி அனுப்பும் வீட்டுப் பிள்ளை அதை ஒருமுறை பார்த்திருந்தால் கிரிஸ்டலைசேஷன் பாடம் அவனுக்கு அந்நியமாகவே இருந்திருக்காது.

இதற்கு மறுப்பும் உண்டு. அடிப்படைக் கணக்கு தெரியாமல் நேராக மல்டிஃபேஸுக்குப் போனால் அரைகுறையாகத்தான் முடியும் என்பார்கள். நியாயம்தான். குழாயில் ஓடும் தண்ணீர் புரியாதவனுக்குத் தூள் பறக்கும் வாயு புரியாது. ஆனால் கேட்பது அடிப்படையை விட்டுவிடச் சொல்லி அல்ல. எதற்காக இந்த அடிப்படை என்று முதல் வாரத்தில் காட்டச் சொல்லித்தான். பேர்ட் புத்தகத்திலேயே மூன்று பகுதியிலும் ஃபேஸ்களுக்கு இடையே நடப்பதற்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. அதை நேரமில்லை என்று தாண்டுவது புத்தகத்தின் குறை அல்ல.

ஆலைக்குள் மாணவர்களைச் சும்மா விடமாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் நிஜம். 1000 டிகிரி வாயு ஓடும் இடத்தில் சுற்றுலா நடத்த முடியாதுதான். ஆனால் சாலையும் வயலும் பட்டறையும் எந்த கேட் பாஸும் கேட்பதில்லை. கோபுரம் வெளியிலிருந்தே தெரிகிறது. எண்ணிக்கையைப் போட்டுப் பார்க்க ஒரு கால்குலேட்டர் போதும்.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பரீட்சையிலும் "வருவி" என்று ஒரு கேள்வி இருந்தால் "மதிப்பிடு" என்று இன்னொரு கேள்வி இருக்கட்டும். "100 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் 10 மைக்ரான் துகள் எங்கே விழும்? விடை நம்பும்படி இருக்கிறதா?" என்று கேட்கட்டும். திருச்சி, தஞ்சாவூர், சிதம்பரம் என்று பக்கத்து ஊர்களில் கெமிக்கல் படிக்கும் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு ப்ராஜெக்டையாவது அரியலூர் வயலில் செய்யட்டும். வாத்தியார்கள் அனுமதிக்கட்டும்.

இந்த மண்ணிலிருந்து கல் போகிறது, சிமெண்டாகி ஊரெல்லாம் வீடாகிறது. வேலையும் கிடைக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கல் போன வழியில் தூசியை வாங்கிக்கொண்ட வீடுகளுக்கு, அந்தத் தூசி எங்கிருந்து வருகிறது என்று சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளையையாவது படிப்பு திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த லீவுக்கு வரும்போது அந்தப் பையன் ஒரு மைக்ராஸ்கோப்பும் நாலு கண்ணாடித் துண்டும் எடுத்து வந்தால், அப்பாவின் கேள்விக்கு ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிடும்.